பேரல் டீசல்

சித்தளியைத் தாண்டியதும் வண்டி இழுக்க ஆரம்பித்தது. வேணி ஆக்சிலேட்டரை அழுத்தினாள். கால்தான் இறங்கியது, வேகம் ஏறவில்லை. ஒருமுறை குலுங்கி, இன்னொருமுறை குலுங்கி, தூக்கத்தில் பேசுகிறவர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவதுபோல இன்ஜின் நின்றுபோனது. மிச்சமிருந்த ஓட்டத்தில் வண்டியை ஒரு புளியமரத்தடிக்கு ஒதுக்கினாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துபோனது. அதன் தூசி அவசரமில்லாமல் வந்து கண்ணாடியில் படிந்தது.

வண்டியில் நான்கு ஆசிரியர்கள் இருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் வேணிக்குப் பயமாக இருந்தது. முதல்முறை வண்டி நின்றபோது சிரித்தார்கள். அடுத்தமுறை யோசனை சொன்னார்கள். இப்போது ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்ச நேரம் விட்டா எடுத்துடும் டீச்சர்," என்றாள்.

"தெரியும் வேணி. எங்களுக்கே பழகிப்போச்சு." முன்சீட்டிலிருந்த சுமதி டீச்சர் மடியிலிருந்த சாப்பாட்டுப் பையைச் சரிசெய்துகொண்டாள். "எங்க ஹெச்.எம். நேத்து கேக்குறாரு, ஏம்மா நீங்க கார்ல வரீங்களா, காரைத் தள்ளிக்கிட்டு வரீங்களான்னு."

"தள்ளுனாலும் பரவால்ல," என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த கிருஷ்ணமூர்த்தி சார். "தள்ளியிருந்தா இந்நேரம் பெரம்பலூரே வந்துருக்கும்."

அந்த ஏழு சீட்டு வண்டியை வேணியின் கணவன் ராஜராஜன் பழைய வண்டியாக வாங்கினான். வாங்கிய மறுவருடமே ஓமனுக்கு வேலைக்குப் போய்விட்டான். விற்றுவிடலாம் என்று எல்லாரும் சொன்னபோது வேணி ஓட்டக் கற்றுக்கொண்டாள். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் வழியிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காலையில் ஆசிரியர்களைக் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்துவருவது அவளுடைய வேலை. மற்ற சவாரிகள் வரும், வராமலிருக்கும். வீடு நின்றுகொண்டிருந்தது இந்த ஒரு சவாரியின் மேல்தான்.

வண்டி மறுபடி கிளம்பி, முனகிக்கொண்டே பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது முதல் மணி அடித்து முடிந்திருந்தது. மற்றவர்கள் ஓட, சுமதி டீச்சர் மட்டும் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"வேணி, திங்கக்கெழம பொதுத்தேர்வு ஆரம்பிக்குது. எங்க நாலு பேருக்கும் ஹால் டூட்டி. லேட்டுன்னு சொல்லவே முடியாது. வேற வண்டிக்காரர் ஒருத்தர்ட்ட பேசி வெச்சிருக்கோம். உன்னை விட மனசில்லாமத்தான் இதுவரைக்கும் அவர வரச் சொல்லல. திங்கக்கெழமயும் நின்னுச்சுன்னா..." வேணியின் கையை லேசாகத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

திட்டியிருந்தால் தேவலை என்று வேணிக்குத் தோன்றியது.

*

மறுநாள் சனிக்கிழமை. மெக்கானிக் கண்ணையனின் ஷெட்டில் வேணி ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்தாள். கண்ணையன் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு யாருக்கோ கல்யாண மண்டபத்துக்கு வழி சொல்லிக்கொண்டே டீசல் ஃபில்டரைக் கழற்றினான். இந்த மாசி மாதத்தில் மட்டும் அவன் எத்தனை ஃபில்டர் மாற்றிவிட்டான் என்று எண்ணுவதை அவள் நிறுத்தியிருந்தாள். ஒவ்வொருமுறையும் அவன் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னான்: பங்க்கில் தண்ணி கலக்கிறார்கள்.

அதை நம்பி அவள் பங்க்கை மாற்றினாள். மாற்றிய பங்க்கையும் மாற்றினாள். போன வாரம் அங்கே போய்ச் சண்டையே போட்டாள். மேனேஜர் கண்ணாடிச் சாடியில் டீசலைப் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். தேன்போலத் தெளிவாக இருந்தது. வரிசையில் பைக்கோடு நின்றவர்கள் எல்லாம் அவளைப் பார்த்தார்கள். அந்தக் கூச்சம் இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கண்ணையன் போனை வைத்துவிட்டு, ஃபில்டரின் அடியிலிருந்த திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்தான். பாட்டிலைச் சற்று நேரம் ஆடாமல் வைத்ததும் அது இரண்டாகப் பிரிந்தது. மேலே டீசல், கீழே கலங்கிய தண்ணீர், அதற்கும் கீழே துருவின் வண்டல்.

"பாத்தியாக்கா. இது டீ வடிகட்டி மாதிரி. ஓரளவுக்குத்தான் பிடிக்கும். அதுக்கு மேல போனா அடைச்சுக்கும், வண்டி மூச்சுத் திணறும். அடைக்காம உள்ள போச்சுன்னா இன்னும் மோசம், இன்ஜினுக்கு டீசல் பீச்சுற இன்ஜெக்டர் போயிடும். அப்புறம் வண்டிய ஆட்டுக்குக் கொட்டாயா வெச்சுக்கலாம்."

"புதுசு மாட்டி ஒரு வாரம்கூட ஆகலயே கண்ணையா."

"அதான் சொல்றேன், பங்க்..."

"பங்க்க விடு. டேங்க்க எறக்கு."

அவன் தலையைச் சொறிந்தான். டேங்க்கை இறக்குவது பெரிய வேலை. ஆனால் வேணியின் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டிக்கடியில் படுத்தான். மதியச் சாப்பாட்டு நேரம் கடந்து டேங்க் வெளியே வந்தது. இருந்த டீசலை ஒரு அகலமான தட்டில் ஊற்றினான். குனிந்து பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"என்னக்கா, டேங்க்குள்ள கோழி வளக்குறியா?"

தட்டில் மெல்லிய செந்நிறச் சருகுகள் மிதந்தன. வேணி ஒன்றை விரல் நுனியில் எடுத்தாள். மக்காச்சோளக் கதிரை மெஷினில் போட்டு முத்து உதிர்க்கும்போது காற்றில் பறந்து, தலைமுடியிலும் சோற்றிலும் விழும் சருகு அது. எந்தப் பங்க்கிலும் அது இருக்காது. அது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். விக்கிரமங்கலத்தில், அவளுடைய கணவனின் அண்ணன் வீரமுத்துவின் கொட்டகையில், மக்காச்சோளக் குவியலுக்குப் பக்கத்திலேயே மூடி சரியாகப் பொருந்தாத ஒரு டீசல் பேரல் நின்றது.

வேணி அந்த டயரின் மேலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். காரணம் தெரிந்துவிட்டதில் சந்தோஷம் வரவில்லை. பங்க்காகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். பங்க்கோடு சண்டை போட்டால் வேறு பங்க்குக்குப் போய்விடலாம்.

வீரமுத்துவின் மகள் பானுப்ரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிராக்டரில் போய் மாப்பிள்ளை பார்க்க முடியாது. அதனால் தை பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் வீரமுத்து வந்து வேணியின் வண்டியை எடுத்துப்போவார். சாயந்திரம் வண்டியைத் திருப்பி விடுவதற்கு முன்னால், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் பேரலிலிருந்து ஒரு கேன் பிடித்து, புனல் வைத்துத் தன் கையாலேயே டேங்க்கில் ஊற்றுவார். அந்தக் குடும்பத்தில் இரவல் வாங்கிய கிண்ணத்தைக்கூட வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி அரிசியோ நாலு கத்தரிக்காயோ போட்டுத்தான் கொடுப்பார்கள். காருக்கும் அதுதான் மரியாதை என்று அவர் வைத்திருந்தார். பங்க்கில் போடலாமே என்று யாரோ சொன்னதற்கு, "காசு குடுத்துப் போட்டா அது வாடகை. என் வூட்டு டீசல் ஊத்துனா அது மரியாதை," என்றாராம்.

கொடுப்பதைக் குற்றம் சொன்னால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்பதை வேணி கல்யாணமாகி வந்த முதல் வருடமே பார்த்திருந்தாள். வெல்லம் சரியில்லை என்று ஒரு சொல் சொன்ன பங்காளி வீட்டோடு இன்றுவரை பேச்சில்லை.

*

அன்று சாயந்திரம் ராஜராஜன் போனில் வந்தான்.

"நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்களேன் உங்க அண்ணன்ட்ட," என்றாள்.

"நானா? அவரு என்னைத் தூக்கி வளத்தவரு வேணி. உன் டீசல் ஆகாதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"நாளைக்கும் ஊத்துவாரு. திங்கக்கெழம வண்டி நிக்கும். டீச்சருங்க போயிடுவாங்க."

"ஊத்துறத ஒரு துணில வடிகட்டி..."

"துணில தண்ணி நிக்குமாங்க?"

போனில் அவனுக்குப் பின்னால் யாரோ இந்தியில் ஏதோ சொல்லிச் சத்தமாகச் சிரித்தார்கள். "பாத்துச் செய்யி," என்றான் கடைசியில். அவன் எப்போதும் முடிப்பது அப்படித்தான்.

அடுத்து வீரமுத்துவின் மனைவி கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நாளைக்கு மாமா டீசல் ஊத்தாம நீங்கதான் பாத்துக்கணும்."

"அய்யய்யோ, நானா? என் சாம்பார்ல உப்பில்லன்னு அவரு சொல்லலாம், அவரு கிணத்துல தண்ணியில்லன்னு நான் சொல்ல முடியாதுடி. நாளைக்கு வேற பாடாலூர்ல நல்ல எடம். மாப்பிள்ள வூடு பாக்கப் போறோம். அந்த மனுசன் மனசு கோணக்கூடாது."

வேணி போனை வைத்துவிட்டுச் சமையலறையின் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். ஒரு வண்டியின் அடைப்பை ஊரில் எல்லாரும் சேர்ந்து அவள் தொண்டைக்கு மாற்றிவிட்டதுபோல இருந்தது. காலையில் ஏதாவது சொல்லி வண்டியைக் கொடுக்காமல் விடலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். ஆனால் காய்ச்சல் அவளுக்குத்தானே, வண்டிக்கில்லையே என்பார் வீரமுத்து.

*

ஞாயிற்றுக்கிழமை அவளே ஓட்டிக்கொண்டு போனாள். தானும் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் வீரமுத்துவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கொளஞ்சியம்மாளின் தம்பி சின்னதுரையும் ஏறிக்கொண்டார். அவர் வராமல் அந்த வீட்டில் எந்த இடமும் பார்க்கப்படவில்லை, அவர் வந்து பார்த்து எந்த இடமும் அமைந்ததுமில்லை.

"மெதுவாப் போம்மா," என்றார் சின்னதுரை. "நின்னு நின்னுதான் போவும்னு கேள்விப்பட்டேன்."

"நிக்காதுண்ணே. நேத்துத்தான் டேங்க்கக் கழுவுனேன்."

"பொம்பளப் புள்ள வெச்சிருக்குற வண்டியில்ல, குளிச்சாத்தான் ஓடும்போல."

வீரமுத்து மட்டும் சிரித்தார்.

வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பாடாலூரில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா கொளஞ்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டின் ஒவ்வொரு அறையையும் காட்டினாள். சின்னதுரையே குறை எதுவும் கண்டுபிடிக்கவில்லை. திரும்பி வரும்போது வீரமுத்து ஜன்னலில் கையை வைத்தபடி, அறுப்பு முடிந்த மக்காச்சோளக் காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் இவ்வளவு அமைதியாக இருந்து வேணி பார்த்ததில்லை. பின்னாலிருந்து வந்த வெயில் பக்கக் கண்ணாடியில் பட்டுக் கண்ணில் குத்தியது. இந்தச் சாலை முடியாமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

சாலை முடிந்தது. எல்லாரும் இறங்கினார்கள். வீரமுத்து கொட்டகைக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் கேனும் இன்னொரு கையில் புனலுமாக வந்தார். வழக்கமான கேன் இல்லை, பெரிய கேன்.

"மாமா, வேணாம்."

"என்னம்மா வேணாம்? எவ்வளவு நல்ல காரியத்துக்குப் போயிட்டு வந்துருக்கு வண்டி."

"டேங்க் நெறையத்தான் இருக்கு மாமா."

"வழியட்டுமே. வழிஞ்சா இன்னும் நல்லது." அவர் டேங்க் மூடிக்குக் கையைக் கொண்டுபோனார்.

வேணி முன்னால் வந்து மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் நின்ற தகடு சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

"இந்த டீசல்தான் மாமா வண்டிய நிறுத்துது."

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். பானுப்ரியா பூவை அவிழ்த்துக்கொண்டிருந்த கையோடு நின்றாள்.

"டீசல் இல்லாமத்தான் வண்டி நிக்கும்னு கேட்டுருக்கேன்," என்றார் சின்னதுரை. "ஊத்துனா நிக்கிற வண்டிய இப்பத்தான் பாக்குறேன்."

வேணி கதவைத் திறந்து, நேற்று கண்ணையன் பிடித்துக் கொடுத்த பாட்டிலை எடுத்து நீட்டினாள். "பேரல்ல தண்ணி எறங்கியிருக்கு மாமா. துரு இருக்கு. சோளச் சருகு இருக்கு."

வீரமுத்து பாட்டிலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "இதே டீசல்லதான் என் டிராக்டர் ஓடுது."

"டிராக்டர் தாங்குது மாமா. அது பழைய இன்ஜின், ஃபில்டரும் பெருசு. இது தாங்கல. நாளைக்குப் பரிட்ச. நாளைக்கு நின்னா அந்தச் சவாரி எனக்கு இல்ல." குரல் உடையாமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்திருந்தாள். உடையவில்லை. அதில் களைப்பு மட்டும்தான் இருந்தது.

"அப்ப இத்தன வாரமா நான் ஊத்துனது..."

"ஆமாம் மாமா."

அவர் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். டிராக்டருக்குப் பக்கத்தில் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புனலை வைத்து அவ்வளவையும் அதில் ஊற்றினார். மெதுவாக, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார். வேணி காத்திருந்தாள். கேன் காலியான பிறகும் அவர் திரும்பவில்லை.

"போயிட்டு வரேன் மாமா," என்றாள்.

கொளஞ்சியம்மாள்தான் தலையை ஆட்டினாள்.

*

திங்கட்கிழமை காலையில் சித்தளிக்கு முன்னாலேயே வண்டிக்குள் பேச்சு நின்றுவிட்டது. சுமதி டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கிருஷ்ணமூர்த்தி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். புளியமரம் வந்தது. வேணி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை அழுத்தினாள். வண்டி இழுபடாமல் ஏறியது. புளியமரம் பின்னால் போய்ச் சிறிதாகியது. அடுத்து வந்த பேரளி ஊரும் பின்னால் போனது.

பள்ளிக்கூடத்தின் கேட் இன்னும் முழுதாகத் திறக்கப்படவில்லை. பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்கள் அவசரமாக இறங்கினார்கள்.

"சாயந்திரம் வழக்கம்போல வந்துடு வேணி!" என்று சுமதி டீச்சர் போகிற போக்கில் சொன்னாள்.

அவ்வளவுதான். ஓடுகிற வண்டியைப் பற்றி யார் என்ன சொல்வார்கள். வேணி ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். கொட்டாவிதான் வந்தது.

அந்த ஞாயிறு சாவி கேட்டு யாரும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. வண்டி வாசலில் வெயிலில் நின்றது. வேணி அதைக் கழுவினாள். ஃபில்டரின் திருகைத் தளர்த்திப் பார்த்தாள். தண்ணீர் ஒரு சொட்டும் வரவில்லை. எல்லா வேலையும் முடிந்து, நாள் பாதிகூட ஆகியிருக்கவில்லை.

ராஜராஜன் போனில், "அண்ணன்ட்ட அப்படி என்னதான் சொன்ன? என்கிட்ட கூட சரியாப் பேசல," என்றான்.

"பாத்துச் செய்யச் சொன்னீங்க. பாத்துச் செஞ்சேன்."

பிறகு ஒருநாள் கொளஞ்சியம்மாள் கூப்பிட்டாள். "புதங்கெழம பரிசம்டி. பாடாலூர்க்காரங்க வராங்க. நீ கண்டிப்பா வந்துடணும்." கொஞ்சம் இழுத்தாள். "வண்டிய எடுத்துட்டு வராத. மாமா வேற வண்டி பேசிட்டாரு. பஸ்ல வந்துடு, என்ன?"

"சரிக்கா."

புதன்கிழமை ஆசிரியர்களை இறக்கிவிட்டு, வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போகிறார். முதலில் கால் தன்னையறியாமல் பிரேக்கைத் தேடியது. ஒவ்வொரு குலுங்கலுக்கும் காது இன்ஜினைக் கேட்டது. பிறகு அதுவும் ஓய்ந்தது. இது அவளுடைய வண்டியில்லை. இது எங்கே நின்றாலும் அவளை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த நினைப்பு கழுத்தின் பின்பக்கத்திலிருந்து சூடாக இறங்கியது. ஊர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள்.

"விக்கிரமங்கலம் யாருப்பா? அக்கா! விக்கிரமங்கலந்தான கேட்டீங்க? எறங்குங்க, உங்களுக்காகத்தான் நிக்குது." கண்டக்டர் சீட்டுக் கம்பியைத் தட்டினார்.

வேணி திடுக்கிட்டு எழுந்து, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வீரமுத்துவின் வீட்டு வாசலில் சின்னப் பந்தல் போட்டிருந்தார்கள். அவர் கயிறு ஒன்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் கட்டுவதை நிறுத்தவில்லை.

"பஸ்லயா வந்த?"

"ஆமாம் மாமா."

கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார். முடிச்சுப் போட்டார். போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"ஸ்கூல் சவாரி ஓடுதா?"

"ஓடுது மாமா."

"எங்கயும் நிக்கலயே?"

"நிக்கல."

அவர் தலையசைத்தார். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் யாருக்கோ உடம்பு தேறிவிட்டது என்று கேட்டதுபோல இருந்தது அந்தத் தலையசைப்பு. பிறகு அடுத்த கம்பத்துக்கு நகர்ந்தார்.

"உள்ள போ. மாப்பிள்ள வூட்டுக்காரங்க கெளம்பிட்டாங்களாம்."

உள்ளே பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வேணிக்குத் தூக்கம் இன்னும் முழுதாகக் கலைந்திருக்கவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவே இடம் பார்த்துத் தன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.